மூணாவது குழாய்

இல்லல்ல, நெஞ்சுவலி எல்லாம் இல்ல தம்பி. பயப்படாதீங்க. தண்ணி குடுத்தீங்க, அது போதும். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல, அதான் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. அருப்புக்கோட்டையில ஏறும்போதே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நீங்க தூத்துக்குடி வரைக்குமா? நானும் அங்கதான்.

ஒரு பொண்ணைப் பாத்துட்டு வாறேன். பொண்ணுன்னா சொந்தக்காரப் பொண்ணு இல்ல. என்கூட வேலை பார்த்த பிள்ளை. அருப்புக்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. இவ்வளவு தூரம் பஸ் ஏறி, இந்த முழங்காலை வச்சுக்கிட்டு வந்தேன் பாருங்க, "பரவாயில்லண்ணே"ன்னு ஒரு வார்த்தை அவ வாயில இருந்து வரல. ஒரே ஒரு வார்த்தை. அதுக்குத்தான் வந்தேன்.

என்ன விஷயம்னு கேக்குறீங்களா? சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. வீட்டுல சொல்ல முடியாதது உங்ககிட்ட சொல்லலாம் போல இருக்கு.

என் பேரு அருளப்பன். ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்துல முப்பத்தொரு வருஷம் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். போன சித்திரையில ரிட்டயர்டு. நிலையத்துப் பேரு வேண்டாம், அது மேல ஒரு குத்தமும் இல்ல.

எங்க வேலை என்னன்னா, கடலுக்கு அடியில இருக்குற சேத்தை எடுக்குறது. சிரிக்காதீங்க. ரெண்டரை கிலோமீட்டர் ஆழம். கப்பல்ல இருந்து ஒரு கனமான இரும்புக் குழலைக் கயித்துல கட்டி இறக்குவோம். அது தன் பாரத்துக்கே அடிச்சேத்துல குத்தி நிக்கும். மேல தூக்குனா, உள்ள இருக்குற பிளாஸ்டிக் குழாய்க்குள்ள அஞ்சு மீட்டருக்குச் சேறு நிக்கும். மேல இருக்குறது நேத்து விழுந்த சேறு. கீழ போகப் போகப் பழசு. அஞ்சாவது மீட்டர்ல முப்பதாயிரம் வருஷம்.

அந்தச் சேத்துக்குள்ள ஒரு உயிர். ஒரே செல்லுதான், ஆனா தன்னைச் சுத்தி ஒரு ஓடு கட்டிக்கிடும். ரவை மாதிரி இருக்கும். லென்ஸுல பாத்தா சங்கு மாதிரி ஒண்ணு, பூந்தி கோத்த மாதிரி ஒண்ணு, விதவிதமா. உயிர் செத்தாலும் ஓடு சேத்துலயே கிடக்கும். இதுல சில ஜாதி, தண்ணியில பிராணவாயு நிறைய இருந்தாத்தான் வாழும். சில ஜாதி, காத்தே இல்லாட்டாலும் கிடக்கும். அப்போ, எந்த ஆழத்துச் சேத்துல எந்த ஜாதி எத்தனைன்னு எண்ணுனா, அந்தக் காலத்துல அடிக்கடல் எப்படி இருந்துச்சு, மூச்சு விட்டுச்சா, திணறுச்சான்னு தெரிஞ்சுக்கிடலாம். அதைப் படிச்சவங்கதான் சொல்லணும். நான் சேறு எடுக்குறவன், கழுவுறவன். அவ்வளவுதான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கப்பல் பயணம். வங்காள விரிகுடா. அன்னைக்குக் கடல் சரியில்ல. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன். ஆனாலும் குழாய் வெட்டுற வேலை என்னோடது, அதை யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். அஞ்சு மீட்டர்க் குழாயைத் தளத்துல படுக்க வச்சு, மீட்டருக்கு ஒரு துண்டா ரம்பத்தால அறுக்கணும். ஒவ்வொரு துண்டுக்கும் மேல்முனைக்குச் சிவப்பு மூடி, கீழ்முனைக்குக் கறுப்பு மூடி. அப்புறம் மேல பார்த்து ஒரு அம்புக்குறி. பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் செய்யும்.

ரெண்டாவது மீட்டர்ல அறுக்கும்போது கப்பல் ஒரு ஆட்டம் ஆடுச்சு. ரம்பம் வழுக்கி, வெட்டுக்கு ரெண்டு விரல் கீழ ஒரு ஆழமான கீறல் விழுந்துச்சு. அதாவது மூணாவது குழாயோட மேல்முனையில கீறல். அதைப் பாத்தேன், நல்லா ஞாபகம் இருக்கு. "சே, அசிங்கமாப் போச்சே"ன்னு நினைச்சேன். நமக்கு வேலை சுத்தமா இருக்கணும். மறுபடி குமட்டிக்கிட்டு வந்துச்சு, ஓரமாப் போய்க் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். திரும்பி வந்து, கையில கிடைச்ச மூடியைப் போட்டு, அம்புக்குறியும் போட்டுட்டேன்.

அவ்வளவுதான் நடந்துச்சு. யாருக்கும் நடக்கும். இதை ஒரு தப்புன்னு நான் சொல்லமாட்டேன். கடல் ஆடுனா கை ஆடும்.

கரைக்கு வந்து இருபது நாள் கழிச்சு, லேப்ல அஞ்சு துண்டையும் மேசையில வரிசையா வச்சோம், நெடுக்குவாட்டுல ரெண்டாப் பிளக்குறதுக்கு. அப்போதான் பாத்தேன். மூணாவது குழாய்ல கீறல், கறுப்பு மூடிப் பக்கம் இருக்கு. சிவப்புப் பக்கம் இருக்கணும். குழாய் தலைகீழா இருக்கு.

ஒரு நிமிஷ வேலை தம்பி. மூடியை மாத்தி, அம்புக்குறியை அழிச்சுட்டுத் திருப்பிப் போட்டா முடிஞ்சுது. ஆனா அந்தப் பக்கம் டாக்டர் வேதாசலம் நிக்கிறார், எங்க துறைத் தலைவர். கப்பல்ல "சரிபார்க்கப்பட்டது"ன்னு அவர் கையெழுத்துப் போட்ட தாள் அவர் கையில. அவர் மேசையில என்னோட ஃபைல். பதினேழு வருஷமா நான் தற்காலிகம். அந்த மாசம்தான் நிரந்தரம் பண்றதுக்குப் பரிந்துரை போகணும். அஞ்சு பேருக்கு முன்னாடி, "ஐயா, நான் தலைகீழாப் போட்டுட்டேன், நீங்க பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டீங்க"ன்னு சொல்லச் சொல்றீங்களா?

அப்புறமாச் சொல்லிக்கிடலாம்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அவர் "என்ன அருள், பிளக்கலாமா?"ன்னார். "பிளக்கலாம் சார்"ன்னேன்.

அடுத்த மாசம் நிரந்தரம் ஆயிட்டேன்.

மறு வருஷம் தமயந்தி வந்தா. விருதுநகர்ப் பக்கம், பட்டம்புதூர். அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கப்பிள்ளை. இருபத்தஞ்சு வயசு, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. ஆராய்ச்சிக்கு அந்தக் குழாய்களைத்தான் எடுத்துக்கிட்டா. அந்த மூணாவதும் அதுல உண்டு.

நாலு வருஷம். ஒவ்வொரு சென்டிமீட்டரா அறுத்து, சல்லடையில வச்சுத் தண்ணியப் பீச்சிக் கழுவி, காயவச்சு, கறுப்புத் தட்டுல தூவி, மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு, நாலு முடி பிரஷை நாக்குல தொட்டு ஈரமாக்கி, ஒவ்வொரு ஓடா எடுப்பா. ஒரு சாம்பிளுக்கு முந்நூறு ஓடு. ரெண்டு நாள் ஆகும். கழுத்துல பட்டை போட்டுக்கிட்டு உக்காந்துருப்பா. நான் பக்கத்துல சல்லடை கழுவுவேன். டீ வாங்கிட்டு வந்து குடுப்பேன். அவளை நல்லாப் பாத்துக்கிட்டேன் தம்பி, அதைச் சொல்லணும். என் வீட்டுல இருந்து சாப்பாடு கொண்டுபோயிருக்கேன். "அருளண்ணே, இங்க வந்து பாருங்களேன், இது எவ்வளவு அழகா இருக்கு"ன்னு கூப்பிடுவா. குனிஞ்சு பாப்பேன். அழகாத்தான் இருக்கும்.

மூணாவது குழாய்ல அவளுக்கு ஒரு பெரிய விஷயம் கிடைச்சுது. கிடைக்கத்தானே செய்யும்? கீழ இருந்து மேல வரும்போது, மூச்சுத் திணறுன கடல் சட்டுன்னு மூச்சு விடுது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பவும் திணறுது. மறுபடி சட்டுன்னு மூச்சு விடுது. உலகத்துல எங்கயும் இப்படி யாரும் பாத்ததில்லயாம். வேதாசலம் சாருக்குத் தலைகால் புரியல. வயசு கணிக்க அந்தக் குழாய்ல ஒரே ஒரு சாம்பிள்தான் வெளியூருக்கு அனுப்புனாங்க. சரியா நடுவுல இருந்து. நடுவுல எடுத்தா, குழாயை எப்படித் திருப்புனாலும் அதே இடம்தான? வயசு சரியா வந்துருச்சு.

யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலயே.

நீங்க அப்படிப் பாக்காதீங்க.

சரி. கேட்டா. அவ ஒரு தடவை கேட்டா. மூணாவது வருஷம், ஆடி மாசம். நான் சல்லடையைக் காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். பின்னால வந்து நின்னு, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எண்ணிக்கை ரெண்டு தடவை தாவுது. ரெண்டும் சரியாக் குழாய் சேர்ற இடத்துலயே தாவுது. இந்த மூணாவது குழாய் தலைகீழா இருக்க வாய்ப்பு உண்டா?"ன்னா.

அவ அறிவைப் பாருங்க தம்பி. அவளாவே கண்டுபிடிச்சுட்டா. நான் "ஆமா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கோபப்பட்ட மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நானே என் கையால மூடி போட்டேன். இருபது வருஷமாப் போடுறேன்"ன்னேன். அவ முகம் வாடிப்போச்சு. "நீங்க சொன்னா சரிதாண்ணே"ன்னா. அன்னைக்கு அவதான் எனக்கு டீ வாங்கிக் குடுத்தா. நான் கோவிச்சுக்கிட்டேன்னு நினைச்சு.

பட்டம் வாங்கினா. கட்டுரை வெளிவந்துச்சு. ஜெர்மனியில ஒரு இடத்துல ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணக் கூப்பிட்டாங்க. அவ ஆராய்ச்சிப் புத்தகத்துல நன்றின்னு ஒரு பக்கம். முதல் பேரு அவ அப்பா, ரெண்டாவது பேரு நான். வேதாசலம் சார் கூட எனக்கு அப்புறம்தான்.

அவ கிளம்புறதுக்கு முன்னாடியே வேற ஒரு கூட்டம், நாப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குழாய் எடுத்து எண்ணிட்டாங்க. அதுல தாவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. திணறுன கடல் மெதுவா, படிப்படியா மூச்சு விடத் தொடங்குது, அவ்வளவுதான். அப்போ இந்தப் பொண்ணு எண்ணுனது என்ன? கடிதம் மேல கடிதம். எண்ணாமலே எண்ணிக்கை எழுதிட்டாளோன்னு பேச்சு. கமிட்டி போட்டாங்க.

அவ மூணு மாசம் உக்காந்து நாப்பது சாம்பிளைத் திரும்ப எண்ணினா. அதே எண்ணிக்கை. "அதே ஆள் எண்ணுனா அதேதானே வரும்"னு சொல்லிட்டாங்க. வேற யாராவது எண்ணிப் பாருங்கன்னு கெஞ்சினா. ஒரு சாம்பிளுக்கு ரெண்டு நாள், யாரு உக்காருவா? கடைசியா கமிட்டி முன்னாடி, "குழாய் தலைகீழா இருந்திருக்கலாம்"னு சொன்னா. உடனே என்னைக் கூப்பிட்டாங்க.

மூணு பேரு உக்காந்துருக்காங்க. அவ ஓரத்துல, கையில ஒரு கர்ச்சீப்பைச் சுருட்டிக்கிட்டு.

"அருளப்பன், மூடி, அம்புக்குறி எல்லாம் முறைப்படிதானே போட்டீங்க?"

"முறைப்படிதான் சார்."

"சந்தேகம் ஏதாவது?"

"இல்ல சார்."

வெளிய வந்தேன். அவளும் பின்னாலயே வந்தா. என்னைத் திட்டப் போறான்னு நினைச்சேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "உங்களைத் தேவையில்லாம இதுல இழுத்துவிட்டுட்டேன். மன்னிச்சிருங்கண்ணே"ன்னா. நான் "பரவாயில்லம்மா"ன்னேன். ஆமா தம்பி. நான் அவகிட்ட, பரவாயில்லன்னு சொன்னேன். என் வாயால.

கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டாங்க. ஜெர்மனி போச்சு. அவளைப் பொய்க்காரின்னு யாரும் எழுத்துல எழுதல, ஆனா அதுக்கப்புறம் எங்க விண்ணப்பம் போட்டாலும் பதிலே வரல. ஏழு வருஷமா அந்தப் பள்ளிக்கூடத்துல ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்குறா.

போன சித்திரையில எனக்கு வழியனுப்பு விழா வச்சாங்க. மாலை, சால்வை, தாம்பாளம். புதுசா வந்த துறைத் தலைவர் மைக்ல, "முப்பத்தொரு வருஷத்துல அருளப்பன் கைப்பட்ட ஒரு குழாய்ல ஒரு பிழை இல்ல"ன்னார். எல்லாரும் கைதட்டுனாங்க. என் பெண்சாதி முன்வரிசையில உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எனக்கு அந்தச் சால்வையை எடுத்து மூஞ்சிய மூடிக்கிடணும் போல இருந்துச்சு. அதுக்கப்புறம் ஆறு மாசமாச் சோறு இறங்கல. இன்னைக்குக் கிளம்பி வந்துட்டேன். பெண்சாதிகிட்ட பென்ஷன் விஷயமாப் போறேன்னு பொய் சொல்லிட்டுத்தான்.

மதிய இடைவேளைக்குத் தமயந்தி வந்தா. என்னை வாட்ச்மேன் நாற்காலியில பாத்ததும் ஓடி வந்தா தம்பி. "அருளண்ணே! வாங்க வாங்க. அண்ணி நல்லா இருக்காங்களா? முட்டி வலி எப்படி இருக்கு?" முடி நரைச்சுருக்கு. முப்பத்தெட்டு வயசுக்கு நரைக்கக் கூடாது. லைப்ரரி ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில எனக்குப் பாதி சாதம் வச்சா.

நான் சாப்பிடாமலே சொன்னேன். கீறல், மூடி, லேப் மேசை, எல்லாம்.

அவ கையிலிருந்த ஸ்பூனைக் கீழ வச்சா. அப்புறம், "கீறல் எந்த முனையில?"ன்னா.

"வெட்டும்போது மேல்முனை. லேப்ல கறுப்பு மூடிப் பக்கம்."

"பிளக்குறதுக்கு முன்னாடியே பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"நான் கேட்டேனே அண்ணே, ஒருநாள். அப்போ தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

அவ பக்கத்துல கிடந்த ஒரு கேள்வித்தாளைத் திருப்பி, பின்பக்கம் வரைஞ்சா. அந்தப் பழைய கோடு, ரெண்டு தாவலோட. பாக்காம வரையுறா, எல்லாம் மனப்பாடம். அப்புறம் கீழயே இன்னொரு தடவை, நடுத்துண்டை மட்டும் திருப்பிப் போட்டு வரைஞ்சா. தாவலே இல்ல தம்பி. ஒரே ஏத்தமா, வழவழன்னு போகுது. அந்த இன்னொரு கூட்டம் கண்டுபிடிச்சாங்களே, அதே கோடு. அவங்களுக்கு முன்னாடியே இவ கண்டுபிடிச்சுட்டா.

அதையே பாத்துக்கிட்டு இருந்தா. "நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்"ன்னா. எனக்குச் சொல்லல, அந்தத் தாளுக்குச் சொன்னா. "எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. ராப்பகலா எண்ணி எண்ணி, நான்தான் எதையோ பாத்து எதையோ எழுதிட்டேனோன்னு. ஏழு வருஷமா." அழுதா. சிரிக்கவும் செஞ்சா. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்துருந்தேன்.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தா. "குழாயோட மறுபாதி குளிர் அறையில இருக்கும்ல? கீறலும் இருக்கும். ஆனா அது எந்த முனைன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும். எழுதிக் குடுங்கண்ணே." அவளே எழுதினா. 'மூன்றாம் குழாய் தலைகீழாகக் குறிக்கப்பட்டிருப்பது பிளப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தமயந்தி கேட்டபோதும், குழு கேட்டபோதும் நான் மறைத்தேன்.' என் பக்கம் திருப்பி, பேனாவைக் குடுத்தா.

எனக்குக் கை வரல. பென்ஷன் ஞாபகம் வந்துச்சு. முன்வரிசையில உக்காந்துருந்த பெண்சாதி ஞாபகம் வந்துச்சு. "தமயந்தி, 'தெரியும்'னு வேண்டாமே. 'தவறுதலாக மாறி இருக்கலாம்'னு போட்டுக்கிடுவோமா?"ன்னேன்.

அவ என்னைப் பாத்தா. கோபம் இல்ல. லேப்ல ஒரு ஓடு எந்த ஜாதின்னு தெரியலைன்னா ஊசியால திருப்பித் திருப்பிப் பாப்பா, அந்த மாதிரி ஒரு பார்வை. "உங்க இஷ்டம்ணே"ன்னா. அந்தத் தாளை மடிச்சு வச்சுட்டு, வேற தாள் எடுத்து நான் சொன்ன மாதிரியே எழுதினா. கையெழுத்துப் போட்டேன். பெல் அடிச்சுது. "கிளாஸ் இருக்கு, பாத்துப் போங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

மன்னிச்சேன்னு சொல்லல. பரவாயில்லன்னு சொல்லல. இவ்வளவு தூரம் வந்தவன்கிட்ட...

என்ன சொன்னீங்க?

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லல. நானாத்தான்.

'இருக்கலாம்.' அந்த வார்த்தையை வச்சுக்கிட்டு அவ என்ன செய்வா? கமிட்டி முன்னாடி அவளும் அதைத்தானே சொன்னா, "தலைகீழா இருந்திருக்கலாம்"னு? எடுபட்டுச்சா? எடுபடவிடாம அடிச்சது நான்தானே? இன்னைக்குப் போய் அவ வார்த்தையையே அவகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, அதுக்கு அவ என்னை மன்னிக்கலைன்னு உங்ககிட்டக் குறை சொல்லிக்கிட்டு வாறேன். அரை மணி நேரமா.

எட்டயபுரம் வந்துருச்சா? டீக்கு நிறுத்துறானா? நல்லது. பஸ் நிக்கும்போது கை ஆடாது. உங்ககிட்டப் பேனா இருக்குல்ல, சட்டைப்பையில பாத்தேன். தாள் ஒண்ணு கிழிச்சுக் குடுங்க. கோடு போட்டதா இருந்தாலும் சரிதான். நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க, நான் எழுதுறேன்.

வந்துட்டீங்களா? எழுதிட்டேன். அவ எழுதினதைத்தான் எழுதினேன், எழுத்துத்தான் கோணல். கூட ஒரு வரி சேத்துருக்கேன், நிரந்தரம் ஆகணும்ங்கிறதுக்காக மறைச்சேன்னு. கையெழுத்து, தேதி, வீட்டு விலாசம், போன் நம்பர், எல்லாம் போட்டாச்சு.

இல்ல, எனக்கு டீ வேண்டாம். நான் இங்கயே இறங்குறேன். எதிர்ப்பக்கம் அருப்புக்கோட்டை பஸ் வரும், பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள போயிடலாம். அவ மன்னிப்பாளான்னா கேக்குறீங்க? மன்னிக்க மாட்டா தம்பி. நானா இருந்தா மன்னிக்க மாட்டேன். குடுத்துட்டு வந்துர வேண்டியதுதான்.

ஒரே ஒரு உதவி. கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன், எழுதினது எனக்கே மங்கலாத் தெரியுது. ஒரு தடவை படிச்சுப் பாருங்க. பழக்கதோஷத்துல எங்கயாவது 'இருக்கலாம்'னு எழுதியிருக்கேனா?

இல்லையா? நல்லாப் பாத்தீங்களா?

சரி. அந்தப் பையை எடுத்துக் குடுங்க.